எலுமிச்சையில் ஊறிய ஸ்டேக்கை வீட்டில் கிரில் செய்வது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எலுமிச்சை, ஆரஞ்சு சாற்றில் ஊறவைத்து ஸ்டேக் (முழுத் துண்டாகத் தீயில் சுடும் மாட்டிறைச்சி) செய்யலாம் என்று செய்முறை தேடினால் முதலில் கிடைப்பது குழப்பம்தான். ஒன்று இரவு முழுக்க ஊறட்டும் என்கிறது, இன்னொன்று அரை மணி நேரம் போதும் என்கிறது. ஒன்றில் அரைக் கப் எண்ணெய், இன்னொன்றில் எண்ணெயே கிடையாது. 'நன்றாக வெந்ததும் இறக்கவும்' என்று எல்லாமே சொல்கின்றன. எதை வைத்து வெந்ததா என்று பார்ப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, ஒத்து வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். புளிப்புச் சாறு இறைச்சியை மென்மையாக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் மணிக்கணக்காக ஊறப்போட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். சாறு உள்ளே போவதே சில மில்லிமீட்டர்தான். அதன் வேலை மணமும் சுவையும். மென்மை வேண்டுமென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: எந்தத் துண்டை வாங்கினீர்கள், எந்தச் சூட்டில் இறக்கினீர்கள், எந்தத் திசையில் வெட்டினீர்கள்.

கீழே உள்ள அளவுகள் நான்கு பேருக்கு, ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு.

1. முதலில் நேரக் கணக்கு

கிரில் மேல் இறைச்சி இருக்கும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. மற்ற வேலைகள்தான் நேரத்தைத் தின்னும். அதனால் சாப்பிடும் நேரத்தை முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். இரவு 8 மணிக்குச் சாப்பாடு என்றால்:

முந்தைய நாள் இரவு: உப்பு தடவி ஃபிரிட்ஜில் வைப்பது.
மாலை 6:00: சாறு பிழிந்து கலவை தயாரிப்பது.
6:15: ஊறவைப்பது.
7:00: கரி மூட்டுவது. கேஸ் கிரில் என்றால் 7:15க்குப் பற்றவைத்தால் போதும்.
7:15: இறைச்சியை எடுத்துத் துடைப்பது.
7:30: கிரில்.
7:45: இறக்கி வைத்துக் காத்திருப்பது.
7:55: வெட்டுவது.

உறைந்த இறைச்சி என்றால் இதற்கும் ஒரு நாள் முன்பே ஃபிரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெல்ல உருகட்டும். சமையல் மேடையில் வைத்து உருக்கினால் நடு உருகுவதற்குள் வெளிப்பக்கம் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும்.

2. எந்தத் துண்டை வாங்குவது

புளிப்பு ஊறலுக்கு ஏற்றது மெல்லிய, நார் நன்றாகத் தெரிகிற துண்டு. இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள்: ஃபிளாங்க், ஸ்கர்ட். ஃபிளாங்க் வயிற்றின் அடிப்பக்கத்திலிருந்து வருவது. அகலமாக, தட்டையாக, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் இருக்கும். ஸ்கர்ட் என்பது உதரவிதானத் தசை. நாடா மாதிரி நீளமாக, இன்னும் மெல்லியதாக இருக்கும். கொழுப்பு கொஞ்சம் கூடுதல், மாட்டிறைச்சியின் சுவையும் கூடுதல். முதல்முறை செய்பவருக்கு ஃபிளாங்க் வசதி. கனம் சீராக இருப்பதால் ஒரு முனை வெந்து மறுமுனை பச்சையாக நிற்கிற தொல்லை குறைவு.

இரண்டும் கிடைக்காவிட்டால் பின்முதுகுப் பகுதித் துண்டான சர்லாயினை இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

வாங்கக் கூடாதவை: ஃபில்லே எனப்படும் டெண்டர்லாயின். அது ஏற்கெனவே மென்மையானது, சுவையும் மெல்லியது. எலுமிச்சை அதை அமுக்கிவிடும். விலாப் பகுதித் துண்டான ரிபையும் அப்படித்தான். அதன் கொழுப்புக்காகத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறீர்கள், உப்பும் மிளகும் தவிர அதற்கு ஒன்றும் வேண்டாம். மறுபக்கம், குழம்புக்கு என்று வெட்டி வைத்திருக்கும் தொடை, கால் துண்டுகளையும் தவிருங்கள். அவற்றில் உள்ள இணைப்புத்திசு மணிக்கணக்காக மெல்லிய சூட்டில் வெந்தால்தான் இளகும். பத்து நிமிடக் கிரில்லில் ரப்பராகிவிடும்.

ஒரு ஆளுக்கு 250 கிராம் பச்சை இறைச்சி என்று கணக்குப் போடுங்கள். வேகும்போது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை எடை குறையும்.

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இயந்திர ஊசிகளால் குத்தி மென்மையாக்கிய இறைச்சியா? அப்படியென்றால் மேற்பரப்பில் இருக்கும் கிருமி ஊசியோடு உள்ளேயும் போயிருக்கும், நடுவைச் சிவப்பாக விட்டுச் சாப்பிடுவது ஆபத்து. இரண்டு, ஸ்கர்ட்டின் மேலுள்ள வெள்ளைச் சவ்வை உரித்துத் தருவார்களா? வீட்டில் அதை உரிப்பது பெரிய வேலை. ஏற்கெனவே ஊறவைத்துப் பையில் விற்கிற இறைச்சியைத் தொடாதீர்கள். எத்தனை மணி நேரமாக ஊறுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஊறல் சாற்றின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

3. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் உடனே சூடு காட்டும் இறைச்சித் தெர்மாமீட்டரை வாங்குங்கள். விலையுயர்ந்த கிரில்லும் தெர்மாமீட்டர் இல்லாமையும் சேர்ந்தால் விலையுயர்ந்த செருப்புத்தோல்தான் கிடைக்கும். விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லலாம் என்பதெல்லாம் நூற்றுக்கணக்கில் ஸ்டேக் போட்டவர்களுக்குச் சரி.

அடுத்து நீளமான இடுக்கி, கண்ணாடி அல்லது பீங்கான் தட்டு அல்லது உணவுக்கு ஏற்ற கனமான ஜிப் பை, கூர்மையான நீளக் கத்தி. தட்டு இரண்டு வேண்டும்: பச்சை இறைச்சிக்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிட்டு, பச்சை இறைச்சி கொண்டுபோன தட்டிலேயே வெந்ததைத் திரும்ப வைக்கிறார்கள். வயிற்றுக் கோளாறுக்கு அதுவே போதும்.

அலுமினியம், செம்பு, வார்ப்பிரும்புப் பாத்திரங்களில் ஊறவைக்காதீர்கள். அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்து ஒருவித உலோகச் சுவை ஏறும். எவர்சில்வர் பரவாயில்லை.

கரி மூட்ட உருளை வடிவில் ஒரு மூட்டுக்கலம் கிடைக்கும். மலிவானது, பல வருடம் வரும். கட்டாயம் வாங்கலாம். இதை வாங்கிவிட்டால் தீ மூட்டும் திரவம் தேவையில்லை. அந்தத் திரவத்தின் மண்ணெண்ணெய் வாடை எலுமிச்சை மணத்தோடு சண்டை போடும்.

வாங்க வேண்டாதவை: இறைச்சிக்குச் சாறு ஏற்றும் ஊசி, கிரில் கம்பி மேல் விரிக்கும் பாய், விதவிதமான மசாலாப் பொட்டலம்.

4. முந்தைய நாள்: உப்பு மட்டும்

இரவு முழுக்க ஊறட்டும் என்ற ஆலோசனை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். உப்புக்கு அது சரி, சாற்றுக்குத்தான் பொருந்தாது. உப்பு மெதுவாக உள்ளே ஊறிப்போகும். வேகும்போது இறைச்சி தன் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் உதவும். அமிலம் நேர் எதிர்: மேலேயே நின்று மேற்பரப்பை மட்டும் தாக்கிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

ஒரு கிலோவுக்குத் தூள் உப்பு இரண்டு தேக்கரண்டி, அதாவது 12 கிராம் அளவு. கல்லுப்பு என்றால் தேக்கரண்டிக் கணக்கு ஒத்துவராது, எடை போட்டுக்கொள்ளுங்கள். இருபுறமும் சீராகத் தூவி, தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மூடாமல் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது, மேற்பரப்பு காயும். மேல்தட்டில் சமைத்த உணவு இருந்தால் பிரச்சினையில்லை, இறைச்சிக்குக் கீழே இருந்தால்தான் இறைச்சியின் நீர் அதன்மேல் சொட்டும்.

இறைச்சியைக் குழாயில் கழுவாதீர்கள். கழுவினால் கிருமி போகாது, தொட்டியைச் சுற்றித் தெறிக்கும். ஈரம் இருந்தால் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள், போதும்.

முந்தைய நாள் நேரம் கிடைக்கவில்லையா? சரி, அதே உப்பை ஊறல் கலவையிலேயே சேர்த்துவிடுங்கள். கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

5. ஊறல் கலவை

எலுமிச்சைச் சாறு 60 மில்லி
ஆரஞ்சுச் சாறு 60 மில்லி
எண்ணெய் 60 மில்லி
ஒரு ஆரஞ்சு, இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல்
பூண்டு 5 பல், துருவியது
சீரகம் ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்தது
மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி
பச்சை மிளகாய் ஒன்று, பொடியாக நறுக்கியது
கொத்தமல்லி ஒரு கைப்பிடி, தண்டோடு

பழத்துக்குப் பழம் சாறு மாறும். அதனால் எண்ணிக்கையை நம்பாமல் மில்லிக் கணக்கில் அளந்து ஊற்றுங்கள். நான்கு மேசைக்கரண்டி சேர்ந்தால் 60 மில்லி.

இந்தப் பட்டியலில் முக்கியமானது துருவல். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எலுமிச்சையின் மணம் சாற்றில் இருப்பதைவிடத் தோலில் இருக்கும் எண்ணெயில்தான் அதிகம். அது கொழுப்பில் கரையும், எண்ணெய் சேர்ப்பதே அதற்காகத்தான். பிழிவதற்கு முன்பே துருவிவிடுங்கள், பிழிந்த சக்கையைத் துருவுவது கைவிரலைத் துருவுவதில்தான் முடியும். மஞ்சள் அல்லது பச்சை நிற மேல்தோல் மட்டும் வர வேண்டும். அடியில் உள்ள வெள்ளைத்தோல் கசக்கும். மேற்பூச்சு மெழுகு இருக்கும் பழம் என்றால் வெந்நீரில் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள்.

பாட்டில் சாறு வேண்டாம். பழத்தின் புத்துணர்ச்சி அதில் இருக்காது, புளிப்பு மட்டும்தான் இருக்கும்.

தேன், சர்க்கரை சேர்க்கும் ஆசை வரும். ஆரஞ்சிலேயே இனிப்பு இருக்கிறது. இந்தச் சூட்டில் கூடுதல் இனிப்பு கருகிக் கசக்கும். சோயா சாஸ் சேர்க்க விரும்பினால் இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம், நிறத்துக்கும் நல்லது. ஆனால் உப்பை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அன்னாசி, பப்பாளி இரண்டையும் இதோடு கலக்காதீர்கள். அவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு, எலுமிச்சை மாதிரி கணக்குப் போட்டால் மேற்பரப்பு கூழாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் போய் நிற்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளம் வரலாம், அந்த இடம் வாரக்கணக்கில் கறுத்தும் கிடக்கும். கிரில் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கிறது. பிழிந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெளியே போங்கள். முழங்கைவரை தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. எவ்வளவு நேரம் ஊறலாம்

மேலே சொன்ன கலவையில் ஒரு மணி நேரம். மெல்லிய ஸ்கர்ட்டுக்கு அரை மணி போதும். ஃபிளாங்க் என்றாலும் இரண்டு மணியைத் தாண்டாதீர்கள். எலுமிச்சையைக் குறைத்து ஆரஞ்சைக் கூட்டினால் நான்கு மணி வரை தாங்கும், ஏனென்றால் ஆரஞ்சின் புளிப்பு எலுமிச்சையைவிடப் பல மடங்கு குறைவு.

நேரம் கடந்தால் என்ன ஆகும்? முதலில் நிறம் மாறும். சிவப்பு போய்ச் சாம்பல் நிறம் படரும். அமிலம் புரதத்தைச் சுருளவிழ்க்கிறது, நெருப்பு செய்யும் வேலையைப் போன்றதுதான். பிறகு மேற்பரப்பு மாவாகக் குழையும். இன்னொன்றும் நடக்கும், இதைச் செய்முறைகள் சொல்வதில்லை. அமிலம் அதிகமான இடத்தில் இறைச்சி எளிதில் சிவந்து பொன்னிறமாகாது. அந்தப் பொன்னிற மேலோடுதான் கிரில்லின் பாதிச் சுவை. ஆக, நீண்ட நேரம் ஊறினால் மேலே கூழ், மேலோடும் இல்லை.

ஊறும்போது ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ. ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியே அமுக்கிவிட்டால் குறைந்த சாறே எல்லா இடத்திலும் படும். பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

விருந்தினர் தாமதமாகிறார்கள் என்று தகவல் வந்தால் இறைச்சியைச் சாற்றிலிருந்து எடுத்துத் துடைத்து, தட்டில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சாற்றோடு விட்டுவைக்காதீர்கள்.

7. மேலே ஊற்றும் சாறு

இதை இப்போதே, பச்சை இறைச்சியின் பக்கமே போகாத கிண்ணத்தில் கலந்து வையுங்கள்: எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் துருவல், நறுக்கிய கொத்தமல்லி, ஒரு சிட்டிகை உப்பு. ஊறலில் போன சாற்றின் மணம் நெருப்பில் பெருமளவு பறந்துவிடும். சாப்பிடுபவருக்கு எலுமிச்சை தெரிவது இந்தக் கிண்ணத்தால்தான்.

இறைச்சி ஊறிய கலவையைச் சாஸாக ஊற்றவே கூடாது. அதில் பச்சை இறைச்சியின் நீர் கலந்திருக்கிறது. கொதிக்கவைத்தால் பாதுகாப்பாகும், ஆனால் வெந்த பூண்டும் திரிந்த புரதமுமாக ஒரு சாம்பல் நிறக் குழம்பு வரும். அதற்குப் போகும் உழைப்பு வீண்.

8. தீ

திறந்த வெளியில், சுவர், கூரை, துணிக்கொடி எதிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி அடுப்பை வையுங்கள். வீட்டுக்குள்ளும், மூடிய கார் நிறுத்துமிடத்திலும், கூடாரத்திலும் கரி மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆள் மயங்கும் வரை தெரியாது. மாடிக் குடியிருப்பு என்றால் பால்கனியில் கிரில்லுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பல கட்டடங்களில் தடை இருக்கிறது.

மூட்டுக்கலம் நிறையக் கரியைப் போட்டு, அடியில் காகிதம் சுருட்டிப் பற்றவையுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியிலும் சாம்பல் பூக்கும். அதற்கு முன் கொட்டாதீர்கள். கொட்டும்போது அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் கொட்டுங்கள், மறுபாதி காலி. கேஸ் கிரில்லிலும் இதே கணக்கு: ஒரு பக்க பர்னர் முழுத் தீயில், மறுபக்கம் அணைத்தபடி. கேஸைப் பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். மூடியை மூடிவிட்டுப் பற்றவைத்தால் உள்ளே தேங்கிய வாயு ஒரே வீச்சில் பிடிக்கும். பற்றிய பிறகு மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள்.

அந்தக் காலிப் பக்கம் எதற்கு? கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் இறைச்சியை நகர்த்த ஓர் இடம் வேண்டாமா? தண்ணீர் தெளிக்காதீர்கள், எரியும் கொழுப்பு தெறிக்கும், சாம்பலும் பறக்கும். நகர்த்திவிட்டு மூடியை மூடினால் காற்றில்லாமல் தீ தானே அடங்கும்.

கம்பி மேல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்க முடியவில்லை என்றால் சூடு சரி. கம்பியைச் சுருட்டிய அலுமினியத் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். கம்பி பிரஷ் வைத்திருந்தால் தேய்த்த பின் கம்பி முள் உதிர்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது உணவோடு தொண்டைக்குள் போனால் அறுவைச் சிகிச்சை வரை போகும்.

9. துடைப்பது

இந்த ஒரு வேலையை யாரும் மனமுவந்து செய்வதில்லை. ஆசையாக ஊறவைத்ததைத் துடைத்து எறியச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் ஈரம் இருக்கும் வரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மேலோடு சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். ஈரத்தோடு போட்டால் முதல் மூன்று நிமிடம் ஆவியில் வேகும், சிவப்பதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும்.

பூண்டு, இலை எல்லாவற்றையும் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள், அவை கருகினால் கசப்பு. பிறகு காகிதத் துண்டால் இருபுறமும் அழுத்தி ஒற்றுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை இறைச்சிமேல் லேசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் வழிந்தால் தீ எழும்பும்.

அறைச் சூட்டுக்கு வரவைக்க வேண்டும் என்பார்கள். மெல்லிய துண்டுக்கு அது தேவையே இல்லை. உள்ளே குளிர்ச்சி இருந்தால் மேலோடு சிவக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துடைத்து நேராகப் போடுங்கள்.

10. கிரில் மேல்

சூடான பக்கத்தில் போடுங்கள். போட்டதும் இழுத்துப் பார்க்காதீர்கள். ஒட்டியிருந்தால் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள், சிவந்ததும் தானே விடும்.

இரண்டு சென்டிமீட்டர் ஃபிளாங்குக்குப் பக்கத்துக்கு நான்கு நிமிடம், மெல்லிய ஸ்கர்ட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று. இவை தோராயம். முதல் பக்கம் முடிந்து திருப்பியதிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைக்கத் தொடங்குங்கள். ஸ்கர்ட் என்றால் திருப்பி ஒரு நிமிடத்திலேயே. மெல்லிய துண்டு என்பதால் மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டிலிருந்து நடுவரைக்கும் செருக வேண்டும். மேலிருந்து குத்தினால் முனை அடுத்த பக்கத்துக்குப் போய் கிரில்லின் சூட்டைக் காட்டும்.

ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்ற விதியை மறந்துவிடுங்கள். நான்கைந்து முறை திருப்பினாலும் கெடுதல் இல்லை, இன்னும் சீராகவே வேகும். கோடு கோடாகத் தடம் விழுவதும் அழகுக்குத்தான், முழுப்பரப்பும் சிவந்திருப்பதே சுவை.

11. எப்போது இறக்குவது

இறக்கிய பிறகும் உள்சூடு இரண்டு முதல் நான்கு டிகிரி ஏறும். அதனால் விரும்பும் சூட்டுக்கு மூன்று டிகிரி முன்பே இறக்குங்கள். இறுதிச் சூடு:

நடு சிவப்பு, மீடியம் ரேர்: 54 முதல் 57 டிகிரி
இளஞ்சிவப்பு, மீடியம்: 60 முதல் 63 டிகிரி
சிவப்பே இல்லாமல், வெல் டன்: 71 டிகிரி

முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு, இறக்கும் முன்பே 63 டிகிரி, இறக்கிய பிறகு மூன்று நிமிடம் அப்படியே விடுவது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். ஊசிகளால் குத்தி மென்மையாக்கிய துண்டுக்கும் அதே. இந்தத் துண்டுகள் மீடியம் வரை நன்றாகவே இருக்கும். வெல் டன் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு ஸ்கர்ட்டின் கொழுப்புள்ள பகுதியைக் கொடுங்கள், அது ஓரளவு தாங்கும். ஃபிளாங்க் 70ஐத் தாண்டினால் வறண்டுவிடும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமிலத்தில் ஊறிய இறைச்சியின் ஓரம் வேகாமலேயே சாம்பல் நிறத்தில் இருக்கும், வெந்துவிட்டது என்று ஏமாற்றும்.

சுத்தமான தட்டில் எடுத்து வைத்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றினால் சிவந்த மேலோடு ஆவியில் இளகும், சுற்றாதீர்கள்.

12. வெட்டுவது

இத்தனையும் சரியாகச் செய்து இங்கே கோட்டை விடுபவர்கள் உண்டு. ஃபிளாங்க்கில் நார் நீளவாக்கில் தெளிவாக ஓடும். அந்த நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நாரோடு வெட்டினால் ஒவ்வொரு வாயிலும் நீள நாரை உங்கள் பல் அறுக்க வேண்டிவரும். குறுக்கே வெட்டினால் கத்தி அந்த வேலையை முடித்திருக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவுங்கள்.

ஸ்கர்ட்டில் நார் அகலவாக்கில் ஓடும். அதனால் முதலில் அதைப் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு துண்டையும் கால் வட்டம் திருப்பி வைத்து நாருக்குக் குறுக்கே சீவுங்கள். வெந்த பிறகு நாரின் திசை சரியாகத் தெரியாது. ஊறவைக்கும் முன்பே ஒரு மூலையில் சிறு கீறல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

சீவியதைத் தட்டில் பரப்பி, பலகையில் தேங்கிய சாற்றையும் ஊற்றி, ஏழாம் படியில் கலந்து வைத்ததை மேலே தெளித்து உடனே பரிமாறுங்கள். தெளித்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் அங்கேயும் புளிப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

13. கிரில் இல்லாதவர்களுக்கு

கனமான வார்ப்பிரும்புக் கல்லோ சட்டியோ போதும். ஐந்து நிமிடம் நல்ல தீயில் காயவிட்டு, லேசாகப் புகை கிளம்பும்போது போடுங்கள். நேரமும் சூடும் மேலே சொன்னதுதான். புகை நிறைய வரும். சன்னலைத் திறந்து, வெளியேற்றும் விசிறியைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டியை நெருக்கி நிரப்பாதீர்கள், இரண்டு தடவையாகப் போடுங்கள். நெருக்கினால் சூடு விழுந்து நீர் விடும். ஒட்டாத பூச்சுள்ள சட்டி இந்தச் சூட்டுக்கு ஏற்றதல்ல.

14. மீதியும் சாம்பலும்

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். சூடாக்கினால் இறுகிவிடும். குளிர்ந்தபடியே இன்னும் மெல்லிதாகச் சீவி சாலட்டிலோ ரொட்டிக்குள்ளோ வைத்துச் சாப்பிடுவதுதான் நல்லது. கரிச்சாம்பல் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் அடியில் மறுநாள் வரை கனல் இருக்கலாம். மூடியுள்ள உலோக வாளியில்தான் அள்ளிப் போட வேண்டும், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது.